பணகுடிக் காற்றில் காய்ந்த வள்ளம்: உள்ளீரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் காலை, திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் சித்தப்பாவின் பாய்வள்ளத்தை மூன்று சவுக்குக் கழிகளுக்கு நடுவே செயின் பிளாக்கில் தூக்கி எடை போட்டோம். தராசு 311 கிலோ காட்டியது. அதே அச்சில் வார்த்த, அதே 16 அடி நீளமுள்ள பக்கத்து வீட்டு வள்ளத்தையும் தூக்கினோம். 238 கிலோ. இரண்டையும் வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் வள்ளத்துக்குள் ஒரு ஆள் எடைக்குத் தண்ணீர் ஒளிந்திருந்தது.

அந்தத் தண்ணீரை வெளியே எடுக்க ஐந்து மாதம் ஆனது. அதில் முதல் ஒன்றரை மாத உழைப்பு வீண். ஏன் வீண் என்று புரிந்துகொண்ட பிறகுதான் வள்ளம் காயத் தொடங்கியது. நம் கரையில் பைபர் வள்ளம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை ஒருநாள் வரும் என்பதால், செய்ததையும் செய்து கெட்டதையும் விவரமாக எழுதுகிறேன்.

வள்ளமும் அதன் நோயும்

சித்தப்பா இன்னும் பாய் விரிப்பவர். சின்ன இன்ஜின் ஒன்று உண்டு. ஆனால் காற்று வாய்ப்பாக இருந்தால் இன்ஜினைத் தொடமாட்டார். அதனால் வள்ளத்தின் நடையில் வரும் சின்ன மாற்றமும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். "ஏ மக்கா, அணியம் கும்பிடுதுல்லா. காத்து புடிச்சா எழும்ப மாட்டேங்கு" என்று 2023 ஆவணியிலேயே சொன்னார். அணியம் என்பது வள்ளத்தின் முன்முனை. நான் பாய்மரத்தின் சாய்வைத்தான் சந்தேகப்பட்டேன். கயிறுகளை மாற்றிக் கட்டினோம். பலன் இல்லை. அணியப் பக்கத்தில் நீர்க்கோடு இரண்டு விரல்கடை இறங்கியிருந்ததை அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அந்த டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டிப் போன அந்த வாரத்தில் வள்ளத்தை யாரும் நினைக்கவில்லை. கரையில் நிமிர்த்தி வைத்திருந்த வள்ளம் விளிம்புவரை நிறைந்து, இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. பொங்கலுக்குப் பிறகு கடலில் இறக்கப் போனபோது, வழக்கமாக ஆறு பேர் தள்ளும் வள்ளத்துக்கு ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள்.

இந்த வகை வள்ளத்தின் உள்ளமைப்பைச் சொன்னால்தான் மீதி புரியும். வெளி ஓடு முழுவதும் கண்ணாடி இழையும், இறுகிக் கெட்டியாகும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும் சேர்ந்தது. அதற்கு மேலே, காலடியில், ஒரு தட்டு. தட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே மூடிய வெற்றிடம். அணியத்தில் மிதப்புக்காக ஒரு மூடிய அறை, அதற்குள் ஊற்றிப் பொங்கவிட்ட பி.யு. (பாலியூரித்தேன்) பஞ்சு. இன்ஜின் மாட்டும் பின்பலகையில் இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். ஆக, தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லாத இடங்கள் மூன்று: தட்டின் அடி, பஞ்சு அறை, பின்பலகை.

எங்கே புகுந்தது என்று தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. பாய்மரம் ஊன்றும் குழியைத் தட்டோடு நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். துளைகளில் அடைப்புப் பசை எதுவும் இல்லை. பாய்மரம் காற்றில் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த நான்கு துளைகளும் ஒரு மயிரிழை திறந்து மூடும். அதோடு, பகலில் வெயில்பட்டுச் சூடான வள்ளத்தைக் கடலில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்கும். துளையருகே தண்ணீர் நின்றால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் இப்படிச் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. டிசம்பர் மழை செய்தது, ஏற்கெனவே இருந்த நோயைப் பெரிதாக்கியது மட்டும்தான்.

எப்படி அளந்தோம்

இந்த வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், தராசு என்பேன். ஈரம் பார்க்கும் மீட்டர் கடையில் கிடைக்கிறது. ஆனால் உப்பு ஏறிய மரத்தில் அது கூடுதலாகக் காட்டும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் வரும் தவறு அது. எடை பொய் சொல்லாது. களக்காட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் உறவினரிடம் 500 கிலோ தொங்கு தராசு ஒன்றைக் கடன் வாங்கினேன். வாரம் இரண்டு முறை, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, காலை எட்டு மணிக்குத் தூக்குவது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினால், நல்ல இடம் 'டங்' என்று பதில் சொல்லும், ஊறிய இடம் 'தொப்' என்று அமுங்கும். சாக்பீஸால் எல்லை வரைந்தோம். இடது கீழ்மூலையில் தொடங்கி பலகையில் பாதிக்கு மேல் 'தொப்'.

மூன்றாவது, மரத்தூள். பின்பலகையின் உட்தோல் வழியாகத் துளை போட்டு, வெளிவந்த பிளைவுட் தூளை உடனே நெகிழிப் பையில் கட்டினேன். கறுத்து, புளித்த வாடையோடு வந்தது. நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் எடை போட்டேன்: 12.4 கிராம். 103 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து மறுபடி போட்டால் 8.1 கிராம். போன 4.3 கிராமை 8.1-ஆல் வகுத்தால் ஈரம் 53 சதவீதம். மரத்தின் நார்ச் சுவர்கள் குடிக்கக்கூடியது சுமார் 30 சதவீதம்தான். அதற்கு மேல் இருப்பது நார்க்குழல்களில் தளும்பிக்கொண்டு நிற்கும் தண்ணீர். 20 சதவீதத்தைத் தாண்டினாலே மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரெசின் பிடிக்க வேண்டுமென்றால் 12-க்குக் கீழே வரவேண்டும் என்று இலக்கு வைத்தோம்.

கடற்கரையில் வீணான ஒன்றரை மாதம்

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். தட்டில் நான்கு அங்குல வட்டத் துளைகள் இரண்டு வெட்டி, தேங்கிய தண்ணீரை வடித்து, வள்ளத்தைக் கவிழ்த்து, மாசி வெயிலில் மணலில் போட்டோம். பனி படக்கூடாது என்று இரவில் தார்ப்பாயை இழுத்து மூடினோம். முதல் பத்து நாளில் 311 கிலோ 301 ஆனது. சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகு, சாயங்காலமும் தூக்கிப் பார்த்ததில், காலையில் 303, சாயங்காலம் 300, மறுபடி காலையில் 303. மார்ச் முழுவதும் இதே ஆட்டம்.

அப்போது அணிய அறைக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். இரண்டு இரவு எரிந்தது. காலையில் கையை விட்டுப் பார்த்தால் அறையின் மேல்கூரை முழுக்க வியர்வை. பல்பு தண்ணீரை ஆவியாக்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆவி போக இடமில்லாமல், குளிர்ந்த பைபரில் ஒட்டி மறுபடி தண்ணீராகிக் கீழே சொட்டியிருக்கிறது. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கச்சான் காய வைக்காததையா உன் லைட்டு காய வைக்கப் போவுது?" என்று கேட்டார். கச்சான் என்றால் மேற்கில் இருந்து வீசும் காற்று. அந்த ஒரு கேள்வியில்தான் பிற்பாடு செய்த எல்லாமே அடங்கியிருந்தது. எனக்கு விளங்க இன்னும் சில நாள் ஆனது.

காலை, மாலை மூன்று கிலோ ஊசலாட்டத்துக்கு என்ன காரணம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதில்கள் இரண்டு.

ஒன்று உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே இழுக்கும். உவரிக் கடற்கரையில் இரவில் ஈரப்பதம் 75-க்கு மேல்தான் நிற்கும். ஆக, உப்பேறிய பிளைவுட்டும் தட்டின் அடியும் பகலில் விட்டதை இரவில் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது, காற்றே அப்படி. உப்பே இல்லாவிட்டாலும் மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குத் தக்கபடிதான் காயும். ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் சுமார் 16 சதவீதத்தில் நின்றுவிடும், எத்தனை மாதம் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. 30 சதவீதக் காற்றில் வைத்தால் சுமார் 6 வரை இறங்கும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள கடற்கரைக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 22 கிராம் ஆவியைச் சுமக்கிறது. இன்னும் 5 கிராம் சேர்ந்தால் அது நிறைந்துவிடும். 38 டிகிரியில் 30 சதவீதம் உள்ள உள்நாட்டுக் காற்றில் 14 கிராம்தான் இருக்கிறது, அதற்கு இன்னும் 32 கிராமுக்கு இடம் உண்டு. வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தாகம் உள்ள காற்று எது என்பதுதான் வித்தியாசம்.

கச்சான் அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வந்து, மேற்கு மலையின் கேரளப் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிட்டு, மலை இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி, வறண்ட காற்றாக நம் பக்கம் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மகேந்திரகிரியைச் சுற்றியும் பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. பணகுடியில் என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. வள்ளத்தை அங்கே கொண்டுபோக முடிவு செய்தோம்.

பஞ்சை எடுத்ததும் உப்பைக் கழுவியதும்

போவதற்கு முன் அணிய அறையைத் திறந்தோம். பி.யு. பஞ்சின் அடிப்பக்கத்தில் இருந்து பத்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி ஒன்றை வெட்டி எடை போட்டேன். 640 கிராம். காய்ந்திருந்தால் 40 கிராம்தான் இருக்க வேண்டும். இந்தப் பஞ்சு மூடிய குமிழிகளால் ஆனது, தண்ணீர் குடிக்காது என்று சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். புதிதில் அது உண்மை. வருடக்கணக்கில் சூடும் குளிரும் அலையின் குலுக்கலும் குமிழிச் சுவர்களை உடைத்துவிட்டால், அது தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. அதைக் காய வைக்க முயல்வது வீண் வேலை என்று உறுதியாகச் சொல்கிறேன். மண்வெட்டியாலும் ரம்பத்தாலும் தோண்டி எடுத்தது மொத்தம் 34 கிலோ. அணியம் ஏன் கும்பிட்டது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜூன் முதல் வாரம் மினி லாரியில் வள்ளம் பணகுடி போய்ச் சேர்ந்தது. காய வைப்பதற்கு முன், ஊரே ஆச்சரியப்பட, அதற்குள் தண்ணீர் ஊற்றினோம். கிணற்று நல்ல தண்ணீர். ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டரால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்தேன். உள்ளே போன தண்ணீர் லிட்டருக்கு 480 மில்லிகிராம். முதல் நாள் ஊறவைத்து வடித்த தண்ணீருக்கு மீட்டரின் அளவு போதவில்லை. பத்து மடங்கு கலக்கிப் பார்த்ததில் 26,000 என்று கணக்கு வந்தது. கடல்நீரே சுமார் 35,000 தான். மழைநீர் கலந்த பிறகும் இவ்வளவு உப்பு. ஊறவைத்து வடிப்பதை ஆறு முறை செய்தோம். கடைசி முறை வெளிவந்தது 710. அதோடு நிறுத்தினோம். பின்பலகையில் உட்தோல் வழியாக ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக எட்டு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, அதற்குள்ளும் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். வெளித்தோலைத் துளைக்கக் கூடாது, துரப்பணத்தில் ஆழம் குறிக்க டேப் சுற்றிக்கொள்வது நல்லது. பைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

பிளைவுட்டில் இப்படித் துளை போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மரத்தில் தண்ணீர் நாரின் நீளவாக்கில் நகர்வது குறுக்குவாக்கைவிடப் பல மடங்கு வேகம். ஒவ்வொரு துளையும் எல்லா அடுக்குகளின் நார் முனைகளையும் திறந்துவிடுகிறது.

கழுவி முடித்தபோது எடை 279. பஞ்சு போய் 268-க்கு வந்தது, கழுவலில் 11 கிலோ ஏறியிருந்தது. மாமனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணும் இல்ல மாமா, இது நல்ல தண்ணி, போயிரும்" என்றேன்.

காற்றைப் பிடித்தது

தட்டின் அடிக்குள் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். மின்விசிறி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா தன் பழைய பாயைக் கொண்டுவந்து இறக்கினார். வள்ளத்தின் அணியத்தை மேற்கே திருப்பி, இரண்டு கம்பு நட்டு, பாயைப் புனல்போல் வளைத்துக் கட்டி, அதன் குறுகிய வாயை அணியத் துளைக்குள் செருகினார். பின்துளையில் கையை வைத்தால் காற்று விரலைத் தள்ளியது. காசு செலவில்லாமல், கரண்ட் இல்லாமல், அந்தப் பாய் நாற்பது நாள் வேலை செய்தது. கடலில் வள்ளத்தை இழுத்த துணி கரையில் அதற்கு மருந்து ஊதியதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். விடிந்ததும் திறந்துவிடக் கூடாது. இரவில் குளிர்ந்த பைபர் மேல் வெதுவெதுப்பான காலைக் காற்று பட்டால் உள்ளே வியர்க்கும். ஓட்டின் மேல் கை வைத்துப் பார்த்து, சூடேறிய பிறகு, ஒன்பது மணி வாக்கில் திறந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கு நெகிழித் தாளும் டேப்பும் போட்டு மூடினோம். ஆனியில் மலைப்பக்கம் இருந்து சாரல் எட்டிப்பார்த்த நாட்களில் திறக்கவே இல்லை. ஓட்டின் மேல் வெள்ளை வேட்டி விரித்திருந்தோம். கருநீலப் பெயின்ட் உச்சி வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கும், ஓடு கோணிவிடும்.

முதல் எட்டு நாளில் 279 கிலோ 262 ஆனது. அடுத்த இருபது நாளில் 251. பிறகு மெதுவாக 247.

பின்பலகை மட்டும் பின்தங்கியது. அதற்காக ஏ.சி. மெக்கானிக் தம்பி ஒருவர் காற்றை உறிஞ்சும் தன் வாக்குவம் பம்பைத் தந்தார். துளைகள் மேல் துணி விரித்து, அதன்மேல் கனமான நெகிழித் தாளை ஓரம் முழுக்க ஒட்டி, காற்றை உறிஞ்சினோம். அழுத்தம் வளிமண்டலத்தில் சுமார் 18-இல் ஒரு பங்குக்கு இறங்கினால், தண்ணீர் 35 டிகிரியிலேயே கொதிக்கும். கேட்க மந்திரம் போல இருக்கும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அது மரத்தில் இருந்துதான் போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் பலகை ஜில்லென்று ஆகி, வேலை நின்றுவிடும். அதனால் வெளிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி, ஒரு மணி நேரம் உறிஞ்சி, ஒரு மணி நேரம் விட்டு, நான்கு நாள் செய்தோம். ஆவி பம்பின் எண்ணெயில் கலந்து பால்போல் ஆகிவிடுகிறது, தினமும் மாற்ற வேண்டும். பின்பலகைக்கு இது பயன்பட்டது. தட்டுக்கும் ஓட்டுக்கும் இதைச் செய்யச் சொல்லமாட்டேன், அங்கே காற்று போதும்.

ஜூலைக் கடைசியில் மூன்று எடைகள் தொடர்ந்து 246. மறுபடி மரத்தூள் எடுத்தேன். 9.6 கிராம், காய்ந்த பின் 8.7. ஈரம் 10.3 சதவீதம். ஓட்டின் அடிப்பக்கத்தில் ஓர் அடிச் சதுர நெகிழித் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விட்டோம். உட்புறத்தில் ஒரு துளி வியர்வைகூட இல்லை.

மூடியது

பின்பலகையின் இடது கீழ்மூலையில் பிளைவுட் காய்ந்தும் தேறவில்லை, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. அந்தக் கால் பங்கை வெட்டி எடுத்துப் புதுசு வைத்தோம். மற்ற துளைகளைக் கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸி என்ற ரெசினால் நிரப்பினோம். காய்ந்த மரத்தில் பாலியெஸ்டரும் பிடிக்கும், ஆனால் மிச்சமிருக்கும் சின்ன ஈரத்துக்கும் எப்பாக்ஸி அதைவிடத் தாங்கும். பைபர் மேஸ்திரி காலை பத்துக்கு மேல் மூன்று மணிக்குள்தான் ரெசின் கலக்கினார்.

ஓட்டின் அடியில் பட்டாணி அளவுக் கொப்புளங்கள் பத்துப் பதினைந்து இருந்தன. குத்தினால் வினிகர் வாடையோடு நீர் தெறிக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு குத்த வேண்டும். சுரண்டி, கழுவி, காயவைத்து எப்பாக்ஸி பூசினோம்.

பாய்மரக் குழியின் நான்கு போல்ட் துளைகள்தான் நோயின் வேர். அவற்றைப் போல்ட்டைவிட இரண்டு மடங்கு அகலமாகக் குடைந்து, எப்பாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைத்தோம். இனி பசை தளர்ந்து தண்ணீர் புகுந்தாலும் போல்ட்டைச் சுற்றி எப்பாக்ஸிதான் இருக்கும்.

அணியத்தில் மறுபடி பஞ்சு ஊற்ற நான் சம்மதிக்கவில்லை. தெர்மகோல் வைக்கலாம் என்றார் மேஸ்திரி. ஆனால் பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் பட்டால் தெர்மகோல் சர்க்கரைபோல் கரைந்துவிடும். கடைசியில், மூடி இறுக்கிய இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்கள் 32 வலைப்பையில் கட்டி உள்ளே வைத்தோம். 64 லிட்டர் மிதப்பு. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து அறையைத் துடைக்கலாம். தட்டில் வெட்டிய இரண்டு துளைகளுக்கும் திருகு மூடி போட்டாயிற்று. வள்ளம் கரையில் இருக்கும் பகல்களில் சித்தப்பா அவற்றைத் திறந்து வைக்கிறார்.

எல்லாம் முடிந்து எடை 252. ஆவணியில் கடலில் இறங்கியது. பாய் ஏறியதும் அணியம் தூக்கிக்கொண்டது, சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார்.

மழைக்காலம் கடந்து 2025 ஜனவரியில் தராசை மறுபடி கடன் வாங்கினோம். 254 காட்டியது. அந்த இரண்டு கிலோ எங்கே என்று தட்டின் அடியில் தேடினோம், காய்ந்திருந்தது. பின்பலகை 'டங்' என்றது. அணிய அறையைத் திறந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தபோது, பதினேழாவது பாட்டில் கனத்தது. மூடி தளர்ந்து, கழுத்துவரை தண்ணீர். கொட்டிவிட்டு, வேறு பாட்டில் வைத்து, மறுபடி தூக்கினோம். 252.